வாட்டர் சர்வீஸ், மெக்கானிக் ஷெட், பெட்ரோல் பங்க்: கழிவுநீருக்கும் வடிகாலுக்கும் முழுமையான வழிகாட்டி

"ஆயில் டிராப் கட்டியாச்சு, பொல்யூஷன் போர்டிலிருந்து யார் வந்தாலும் காட்டலாம்" என்று நிம்மதியாக இருக்கும் சர்வீஸ் ஸ்டேஷன்கள் தமிழ்நாட்டில் நிறைய. எண்ணெய் தண்ணீரைவிட லேசானது, நேரம் கொடுத்தால் தானாக மேலே வந்துவிடும் என்ற ஒரே விஷயத்தை நம்பித்தான் ஆயில் டிராப் என்ற இந்த எண்ணெய் பிடிக்கும் தொட்டி வேலை செய்கிறது. வண்டிக்கு ஷாம்பூவும் கிரீஸைக் கரைக்கும் டீகிரீசரும் அடித்துக் கழுவினால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். அப்புறம் தொட்டியை எத்தனை அடி ஆழம் தோண்டியிருந்தாலும் கலங்கல் நீர் அதைத் தாண்டி வடிகாலுக்குப் போய்விடும். அதனால்தான் இங்கே தொட்டி ஐந்தாம் படியில் வருகிறது. அதற்கு முன் கூரையும் தரையும் சரியாக இருக்க வேண்டும்.

படி 1: எந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று வரையுங்கள்

ஒரு வெள்ளைத் தாளில் உங்கள் இடத்தை வரைந்து நான்கு தண்ணீரையும் நான்கு நிறத்தில் குறியுங்கள்: கூரையில் விழும் மழை, திறந்த தரையில் விழும் மழை, வண்டி கழுவும் நீர், கழிப்பறை நீர்.

நான்கும் ஒரே குழாயில் சேர்கிறது என்றால் அங்கேதான் சிக்கல். கழிப்பறை நீர் ஆயில் டிராப் வழியாகப் போகவே கூடாது. அது நேராக பாதாள சாக்கடைக்கோ செப்டிக் டேங்குக்கோ போக வேண்டும். கூரை மழைநீர் சுத்தமானது, அதை எண்ணெயோடு சேர்ப்பது வீண்.

அடுத்து, வாசலில் இருக்கும் மூடி எதனுடையது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பாதாள சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. மழைநீர் வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் கால்வாய்க்கோ ஏரிக்கோ ஆற்றுக்கோ போகிறது. சென்னையில் முன்னது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு, பின்னது மாநகராட்சியின் பொறுப்பு. தெருவில் இரண்டு மூடியும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பிளம்பருக்கு எது கிட்டே இருக்கிறதோ அதில்தான் குழாய் போகும், சொல்லாவிட்டால். கழுவும் நீரை மழைநீர் வடிகாலில் விட எந்த நிலையிலும் இடமில்லை.

படி 2: அனுமதியும் அளவும்

அடிப்படைச் சட்டம் 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டம். அதன் 24ஆவது பிரிவு மாசுப் பொருளை ஓடையிலோ கிணற்றிலோ சாக்கடையிலோ நிலத்திலோ விடுவதைத் தடுக்கிறது. தொழிற்கழிவுநீரை வெளியேற்ற முன் அனுமதி வேண்டும் என்கிறது 25ஆவது பிரிவு. எல்லோரும் பயப்பட வேண்டியது 33ஏ பிரிவுக்கு. அதன்படி மூடச் சொல்லவும் மின் இணைப்பைத் துண்டிக்கவும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தால் உத்தரவிட முடியும். மின்சாரம் போனால் கம்ப்ரஸரும் ஓடாது, ராம்ப்பும் ஏறாது.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2016 வகைப்பாட்டில் வாகன சர்வீஸ், ரிப்பேர், பெயிண்டிங் ஆரஞ்சுப் பிரிவில், அதாவது நடுத்தர அளவில் மாசு செய்யும் தொழில்களின் பிரிவில், இருக்கிறது. இந்தப் பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால் விண்ணப்பிக்கும் நாளில் எந்த நிறம் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுவதற்கு முன் ஒரு அனுமதி, ஓட்டுவதற்கு முன் இன்னொரு அனுமதி. இரண்டுக்கும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில்தான் விண்ணப்பம். எவ்வளவு தண்ணீர் எடுக்கிறீர்கள், எவ்வளவு கழிவாகிறது, எங்கே சுத்தமாகிறது, எங்கே போகிறது என்ற கணக்கைக் கேட்பார்கள். படி 1இல் போட்ட வரைபடம் அப்போது கைகொடுக்கும்.

நாடு முழுவதற்குமான பொது வரையறை இப்படி: ஆறு, ஏரி போன்ற நீர்நிலைக்கு விட்டால் எண்ணெயும் கிரீஸும் லிட்டருக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. நீரில் கலந்து நிற்கும் திடப்பொருள் 100, பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 30, சிஓடி (ரசாயன முறையில் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன்) 250. பாதாள சாக்கடைக்கு விட்டால் எண்ணெய் 20, திடப்பொருள் 600, பிஓடி 350. செடிகளுக்குப் பாய்ச்சினாலும் எண்ணெய் 10தான். ஆனால் உங்கள் அனுமதி ஆணையில் அச்சாகியிருக்கும் எண்தான் உங்களைக் கட்டும், அது இதைவிடக் கடுமையாகவும் இருக்கலாம். நல்ல தண்ணீரை ஊற்றி நீர்க்கச் செய்து அளவைக் காட்டுவது ஏமாற்று வேலை. ஆய்வுக்கு வருபவருக்கு அது தண்ணீர்க் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

படி 3: கூரை போடுங்கள், மேடு கட்டுங்கள்

பணம் குறைவாக இருந்தால் முதலில் எதற்குச் செலவழிப்பது என்று கேட்டால், கழுவும் இடத்துக்கு மேல் ஷீட் கூரைக்கு என்றுதான் சொல்வேன். கணக்கைப் பாருங்கள். கழுவும் இடம் 40 சதுர மீட்டர். மணிக்கு 50 மில்லிமீட்டர் வேகத்தில் மழை அடித்தால் அந்த இடத்தில் மட்டும் மணிக்கு 2,000 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 33 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் அடிக்கும் இரண்டு பிரஷர் கன்கள் சேர்ந்தாலே 24 லிட்டர்தான். கூரை இல்லாத இடத்தில் உங்கள் தொட்டி வண்டித் தண்ணீரைவிட அதிகமாக மழையைத்தான் சுமக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் ஒரு நல்ல அடை மழை போதும், மேலே மிதந்துகொண்டிருந்த மூன்று மாத எண்ணெயும் ஒரே நாளில் வெளியே போய்விடும்.

இது பெரிய ஆலைகளுக்கும் பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய், மீனவர்களின் படகும் வலையும் கறுப்பானது எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்போது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சுட்டிக்காட்டியது சுத்திகரிப்பு ஆலை வளாகத்துக்குள் மழைநீர் மேலாண்மை போதாமல் இருந்ததைத்தான்.

கூரையின் ஓரம் வெளியே நன்றாக நீண்டிருக்கட்டும், சாரல் உள்ளே வரக்கூடாது. கூரைத் தண்ணீர் தனிக் குழாயில் இறங்கட்டும். கழுவும் இடத்தைச் சுற்றி வண்டி ஏறி இறங்கும் அளவுக்கு 10 சென்டிமீட்டர் சிமென்ட் மேடு போட்டால் வெளி மழை உள்ளே வராது, உள் தண்ணீர் வெளியே போகாது. தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும். பேவர் பிளாக் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் இடுக்கெல்லாம் எண்ணெய் இறங்கி மண்ணுக்குப் போகும். சரிவை நடுவில் இருக்கும் கிரேட்டிங் வாய்க்காலுக்குக் கொடுங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். அதற்கான கிணற்றுக்குக் கூரைத் தண்ணீர் மட்டும்தான் போக வேண்டும். கழுவும் இடத்திலோ பங்க் டிரைவ்வேயிலோ ஓடும் நீரை அதில் விட்டால், நிலத்தடி நீருக்கு நீங்களே எண்ணெய்க் குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி.

படி 4: எண்ணெயைத் தண்ணீரில் சேர விடாதீர்கள்

ஷெட்டுக்குள் தண்ணீர் குழாயே தேவையில்லை. ஆயில் மாற்றும்போது டிரேயில் பிடியுங்கள். கழற்றிய ஃபில்டரைக் கவிழ்த்து வைத்து இரவு முழுக்க வடிய விடுங்கள். கீழே சிந்தினால் மரத்தூளோ மணலோ தூவி, கூட்டி, மூடிபோட்ட டிரம்மில் போடுங்கள். கடைசியாகப் பனியன் வேஸ்ட்டால் துடையுங்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தென்னந்துடைப்பத்தால் தள்ளும் பழக்கம்தான் தொட்டிக்கு முதல் எதிரி.

தொட்டியால் பிடிக்கவே முடியாத இரண்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைகால் தண்ணீரில் முழுசாகக் கரைந்துவிடும். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும், செத்தும் போகும். இன்னொன்று பேட்டரி ஆசிட். இரண்டையும் வாய்க்காலில் ஊற்றவே கூடாது. கூலண்டுக்குத் தனி கேன் வையுங்கள். பேட்டரியைப் பிரிக்காமல் அப்படியே டீலரிடமோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ கொடுங்கள். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின் கீழ் திரும்ப வாங்க வைக்கும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு.

பாகங்களை டீசலில் கழுவும் வழக்கம் நம்மூரில் போகாது. போகட்டும், ஒரு தட்டில் வைத்துக் கழுவுங்கள். அந்த டீசலை அடியில் மண் தங்கவிட்டு மேலே இருப்பதை மறுபடி பயன்படுத்தலாம். பெட்ரோலில் கழுவுவதை மட்டும் நிறுத்துங்கள், தீப்பிடிக்க ஒரு பொறி போதும்.

படி 5: தொட்டி

மூன்று அறை வேண்டும். முதல் அறையில் மண் தங்கும். சேற்று வண்டி அதிகம் வரும் ஊரில், லாரி டிராக்டர் கழுவும் இடத்தில், இதைத்தான் பெரிதாகக் கட்ட வேண்டும். இரண்டாவதில் எண்ணெய் மிதக்கும். மூன்றாவது வெளியேறும் அறை, மாதிரி எடுப்பதும் அங்கேதான்.

எவ்வளவு பெரிது? எண்ணெய்த் துளி மேலே வரும் வேகம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. நம்மூர் வெப்பத்தில் 150 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) துளி ஒரு மீட்டர் உயர சுமார் 7 நிமிடம் போதும். 50 மைக்ரான் துளிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். சோப்பு உடைத்த 20 மைக்ரான் துளிக்கு ஏழு மணி நேரம் பக்கம். ஒரு மணி நேரம் தங்கும்படி கட்டுவது நடைமுறைக்கு ஒத்து வரும். நிமிடத்துக்கு 24 லிட்டர் என்றால் 60 நிமிடத்துக்கு 1,440 லிட்டர். எண்ணெய் அறை மட்டும் ஒன்றரை மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் நீர் ஆழம். மண் அறை இதற்கு வெளியே தனி.

அறைக்கு அறை தண்ணீர் மேலே வழிந்து போகக்கூடாது. T வடிவ டீ பைப் மாட்டி, அதன் கால் நீர்மட்டத்துக்கு நன்றாகக் கீழே இருக்கட்டும். எண்ணெய் மேலே நிற்க, கீழே இருக்கும் தெளிந்த நீர் மட்டும் அடுத்த அறைக்குப் போகும். டீயின் தலை திறந்தே இருக்க வேண்டும். கொத்தனார் நேர்த்தியாக இருக்கட்டும் என்று அதற்கு மூடி போட்டுவிடுவார். அப்புறம் சைஃபன் ஆகி, அதாவது குழாய் தானாகவே தண்ணீரை உறிஞ்சி இழுத்து, அறையே காலியாகி, எண்ணெயும் கூடவே போகும். மூடிகள் ஒரு ஆள் தூக்கும் எடையில் இருக்கட்டும். தூக்க முடியாத மூடியுள்ள தொட்டியை யாரும் சுத்தம் செய்ய மாட்டார்கள்.

பெரிய சர்வீஸ் சென்டர்கள் சாய்வுத் தகடுகள் அடுக்கிய ரெடிமேட் பிரிப்பான் வாங்கலாம். துளிகள் தகட்டில் மோதி ஒன்றாகச் சேர்வதால் சின்ன இடத்தில் அதிக வேலை நடக்கும். ஆனால் மண் அடைத்தால் அதுவும் சும்மாதான்.

படி 6: பால் போன்ற தண்ணீருக்கு என்ன செய்வது

மூன்றாவது அறைத் தண்ணீரை ஒரு காலி வாட்டர் பாட்டிலில் பிடித்து இரவு முழுக்க அசைக்காமல் வையுங்கள். காலையில் மேலே எண்ணெய்ப் படலம், கீழே தெளிந்த நீர் என்றால், தொட்டியில் நேரம் போதவில்லை, அறையைப் பெரிதாக்கலாம். சாம்பல் நிறத்தில் பால் மாதிரியே நின்றால் அது சோப்பின் வேலை, எவ்வளவு பெரிய தொட்டியும் உதவாது.

சோப்பை முதலில் குறையுங்கள். எஞ்சின், அடிச்சட்டம் ஆகியவற்றின் கெட்டி கிரீஸைச் சுரண்டித் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். அதற்குப் பிறகும் கலங்கல் இருந்தால் படிகாரம் கலந்து படிய வைத்து, மணல் வடிகட்டி, கரி வடிகட்டி வழியாக அனுப்ப வேண்டும். இப்படி வரும் தண்ணீரை அடுத்த வண்டியின் முதல் அலசலுக்கே பயன்படுத்தலாம். லாரித் தண்ணீர் விலைக்கு வாங்கும் இடங்களில் இதில் மிச்சமாகும் பணம் கொஞ்சமில்லை. படிந்த சேறு எண்ணெய்ச் சேறுதான், அதைக் குப்பை வண்டியில் போட முடியாது.

படி 7: பெட்ரோல் பங்க்குக்கு மட்டும்

பங்க்கில் பிரச்சினை வேறு மாதிரி. ஆயில் அசிங்கம் செய்யும், பெட்ரோல் வெடிக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது, பள்ளத்தைத் தேடி வாய்க்கால் வழியே ஓடும். மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் 1992 ஏப்ரல் 22 அன்று நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த பெட்ரோல் சாக்கடையில் சேர்ந்து வெடித்து, கிலோமீட்டர் கணக்கில் தெருக்கள் பிளந்து, 200 பேருக்கு மேல் இறந்தார்கள்.

தண்ணீருக்கும் இதே கதைதான். பிஎஸ் 6 தரப் பெட்ரோலில் புற்றுநோய் தரும் பென்சீன் 1 சதவீதம் வரை இருக்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் அது கிட்டத்தட்ட 8.8 கிராம். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். வெறும் கணக்காகப் பார்த்தால் ஒரு லிட்டர் பெட்ரோல் 8 லட்சத்து 80 ஆயிரம் லிட்டர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவரப் போதும்.

பம்ப் நிற்கும் இடமும் லோடு இறக்கும் இடமும் கான்கிரீட் தரை, சுற்றிலும் கிரேட்டிங், அந்த வாய்க்கால் ஆயில் டிராப்புக்கு. பம்ப்புக்கு மேலுள்ள கேனோபிக் கூரையில் விழும் மழை தனிக் குழாயில். பம்ப் பகுதிக்கு வெளியே இருக்கும் டிரைவ்வேயின் மழைநீர் உள்ளே வராதபடி சரிவை மாற்றுங்கள். 500 சதுர மீட்டர் டிரைவ்வே முழுவதையும் தொட்டிக்குக் கொண்டுவந்தால் அதே 50 மில்லிமீட்டர் மழையில் மணிக்கு 25,000 லிட்டர் வரும், எந்தத் தொட்டியும் தாங்காது. வாய்க்கால் தொட்டியில் சேரும் இடத்தில் தண்ணீர் நிற்கும் வளைவு இருந்தால் ஆவி பின்னால் வராது. கோடையில் அது காய்ந்துவிடும், வாரம் ஒரு வாளி ஊற்றுங்கள்.

தொட்டியின் கடைசிக் குழாயில் ஒரு வால்வு வையுங்கள். டேங்கர் வந்து ஹோஸ் மாட்டுவதற்கு முன் அதை அடைத்து, லோடு இறங்கியபின் திறக்க வேண்டும். சிந்திவிட்டால் வால்வு மூடியே இருக்கட்டும், எஞ்சின்களை அணைக்கச் சொல்லுங்கள், மணல் போட்டு உறிஞ்சுங்கள். ஹோஸ் பிடித்துத் தண்ணீர் அடிப்பது மிகக் கெட்ட யோசனை. சோப்பு அதைவிட மோசம்.

நிலத்தடி டேங்க்கின் அடியில் சேரும் தண்ணீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவுக்கு மேல் புகுந்தால் எத்தனால் பிரிந்து தண்ணீரோடு அடியில் போய் நிற்கும். பம்ப் வைத்து எடுக்கும் அந்த நீரில் எத்தனாலும் பெட்ரோலும் சேர்ந்தே இருக்கும். எத்தனால் தண்ணீரில் கரையும் என்பதால் ஆயில் டிராப் அதை நிறுத்தாது. மூடிய டிரம்மில் பிடித்து ஆயில் கம்பெனி வழியாகவோ அனுமதி பெற்றவரிடமோ கொடுங்கள்.

படி 8: கழிவு ஆயிலும் அதன் காகிதங்களும்

பழைய ஆயிலை சென்ட்ரிங் பலகைக்குப் பூச வாங்கிப் போகிறவர்கள், செங்கல் சூளைக்கு எரிக்க வாங்கிப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. கையில் காசும் கொடுப்பார்கள். ஆனால் 2016 அபாயகரக் கழிவு விதிகளில் பயன்படுத்திய எண்ணெய் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. எண்ணெய் பட்ட துணி, ஃபில்டர், தொட்டிச் சேறு எல்லாம் அதே அட்டவணைதான். வாரியத்தின் அங்கீகாரம் வாங்க வேண்டும், பதிவு பெற்றவருக்கு மட்டுமே விற்க வேண்டும். 90 நாளுக்கு மேல் இருப்பு வைக்கக்கூடாது. ஆண்டுக்கு 10 டன்னுக்குள் உருவாக்கும் சின்ன இடங்களுக்கு வாரியம் இதை 180 நாள் வரை நீட்டிக்கலாம். டிரம்மில் படிவம் 8 லேபிள், தினசரிக் கணக்குக்குப் படிவம் 3, அனுப்பும்போது படிவம் 10, ஆண்டு அறிக்கையாகப் படிவம் 4, அது ஜூன் 30க்குள். 2024 ஏப்ரல் முதல் பழைய ஆயிலைச் சேகரித்து மறுசுழற்சி செய்ய வைக்கும் பொறுப்பு லூப்ரிகன்ட் தயாரிப்பாளர்களுக்கும் வந்திருக்கிறது. உங்களுக்கு ஆயில் சப்ளை செய்பவரிடமே பதிவு பெற்ற சேகரிப்பாளர் யார் என்று கேளுங்கள்.

டிரம்களைக் கூரைக்குக் கீழே, கசிந்தால் பிடிக்கும் சிமென்ட் தொட்டிக்குள் வையுங்கள்.

படி 9: பராமரிப்பு

மேலே நிற்கும் எண்ணெயை வாரம் ஒருமுறை அள்ளுங்கள். ஒரு குச்சியை விட்டு அடிச்சேற்றைப் பாருங்கள், ஆழத்தில் கால்வாசி ஏறியதும் எடுத்துவிட வேண்டும். செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடாதீர்கள், இது அவர்கள் எடுக்கும் கழிவல்ல. கும்மிடிப்பூண்டியில் இருப்பதுபோன்ற அபாயகரக் கழிவு மையத்துக்குத்தான் போக வேண்டும்.

தொட்டிக்குள் ஆளை இறக்காதீர்கள். ஆவி தேங்கிய குழியில் மூச்சு நின்றுவிடும், காப்பாற்ற இறங்குபவரும் போய்விடுவார். சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013 சட்டம் தடை செய்திருக்கிறது. இங்கும் மேலே நின்று உறிஞ்சும் இயந்திரம்தான் வழி. சுத்தம் செய்தபின் மறக்காமல் நல்ல தண்ணீரால் நிரப்பிவிட்டுத் திறந்துவிடுங்கள். காலித் தொட்டியில் முதல் எண்ணெய் டீ பைப்பின் அடி வழியாக நேராக வெளியே போய்விடும். பருவமழைக்கு முன், செப்டம்பரிலேயே, ஒரு முழுச் சுத்தம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது கண்ணாடி பாட்டில் கேளுங்கள், எண்ணெய் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொண்டு அளவு குறைவாகக் காட்டும். கழுவும் வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் எடுங்கள். காலையில் வேலை தொடங்கும் முன் எடுத்த மாதிரி உங்களையே ஏமாற்றும்.

மரத்தடி மெக்கானிக்குக்கு

ஒரு ஆள், ஒரு பையன், நாளைக்கு நாலு பைக் என்று ஓடும் கடைக்கு மூன்று அறைத் தொட்டி எதற்கு? வாட்டர் வாஷ் செய்யாதீர்கள், அதைத் தொட்டி உள்ள இடத்துக்கு அனுப்புங்கள். ஒரு சிமென்ட் தரை, ஒரு டிரே, மூடியுள்ள இரண்டு கேன், ஒரு மூட்டை மரத்தூள் போதும். ஆயில் மொத்தமாகச் சேரும் வரை காத்திருக்காமல், அங்கீகாரம் உள்ள பக்கத்துப் பெரிய ஷெட்டின் சேகரிப்பாளர் வரும் நாளில் உங்கள் கேனையும் கொடுக்க முடியுமா, உங்களுக்கு என்ன பதிவு வேண்டும் என்று வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கறுத்துப்போன மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் அந்தத் தரையைப் போட வேண்டும். எடுத்த மண் எண்ணெய்த் துணி போகும் டிரம்மோடுதான் போகும். பள்ளம் நிரப்ப யாராவது கேட்டாலும் கொடுக்காதீர்கள்.